விசைப்பலகையில் உயிர்மெய்

எழுதுகருவி மாறுந்தோறும் எழுத்தும் சிறிது மாறியே வந்துள்ளது. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். குத்தினால் ஏடு துளைபடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகரமும் ஏகாரமும் வடிவில் வேறுபடாமையால், படிப்பவர் இடம் நோக்கியே பொருள்கொள்ள வேண்டியிருந்தது. அக்குறை நீங்க வீரமாமுனிவர் (1680-1747) ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்னும் வேறுபாட்டை வகுத்தார். கருவி எழுத்தை ஆண்ட கதை ஓலையோடு முடிந்துவிட்டதென்று எண்ணுவார் உளர். அவர்கள் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை ஒருமுறை உற்று நோக்குதல் வேண்டும்.

அப்பொறியின் வரலாறு சிங்கப்பூரோடு தொடர்புடையது. அதனை வகுத்த இராமலிங்கம் முத்தையா யாழ்ப்பாணத்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். ஆங்கிலப் பொறி ஓயாது ஒலிக்கும் அலுவலகத்தில் இருந்த ஒருவருக்குத் தமிழுக்கும் அது வேண்டும் என்னும் வேட்கை எழுந்ததில் வியப்பில்லை. அவர் அமைத்த முறைப்படி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் நௌமன் தொழிற்சாலை பொறிகளைச் செய்து அனுப்பியது. 'பிஜோ' என்னும் கையடக்கப் பொறி தமிழர் பலருக்கு அறிமுகமாயிற்று.

தமிழில் எழுத்துக்கள் 247. பொறியிலோ ஐம்பதுக்கும் குறைந்த விசைகளே உண்டு. ஒரு விசைக்கு இரண்டு வடிவம் வைத்தாலும் நூறு இடங்கூட இல்லை. முத்தையா எழுத்துக்களைத் துண்டாக்கினார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. புள்ளியும் இகரக் குறியும் எழுத்தின் தலைமேல் அமர வேண்டியவை. ஆகவே அடித்தாலும் தாள் நகராதபடி 'நகரா விசை' ஒன்றை ஏற்படுத்தினார். அவ்விசையை முதலில் அடித்துப் பின்னரே மெய்யை அடித்தல் வேண்டும். 'அம்மா' என்று எழுத, அகரம், புள்ளி, மகரம், மீண்டும் மகரம், கால் என்பது வரிசை. கையால் எழுதுகையில் எழுத்துக்குப் பின் வரும் புள்ளி, பொறியில் எழுத்துக்கு முன் வந்தது.

இங்கேதான் திறனாய்வாளர் நின்று பார்த்தல் வேண்டும். தொல்காப்பியர் நூன்மரபிலே, உயிர்மெய்யில் மெய்யே முன்னொலிக்க, உயிர் அதன்வழித் தோன்றும் என்று வரையறுத்தார். அது செவி கண்ட இலக்கணம். பொறியோ கண் கண்டதையே அறியும். 'கொ' என்னும் ஓரெழுத்து அதற்குக் கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று உறுப்பு; உயிர்க்குறியின் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்கும். ஒகரம் என்னும் ஒலிக்கு அங்கே இடமே இல்லை. இது முத்தையாவின் பிழையன்று. இரும்பும் நாடாவும் கொண்டு வேறு எவரும் இதனினும் திறம்படச் செய்திருத்தல் அரிது. ஆயினும் அவ்வரிசையில் பழகிய கை எழுத்தை உருவமாக நினைத்ததேயன்றி ஒலியாக நினைக்கவில்லை. பெரியார் 1935-இல் கைக்கொண்டதும், தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றதுமான ணா, றா, னா, ணை, லை முதலிய சீர்திருத்த வடிவங்களுக்கு அச்சுக்கோப்பின் எளிமையும் தட்டெழுத்தின் எளிமையும் காரணங்களாகக் காட்டப்பட்டன. பின்னர் மலேசிய, சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் அவ்வடிவங்களே வழக்காயின. விசை குறைவு என்னும் நெருக்கடி, பாடநூலின் எழுத்து வரை வந்து எட்டியது.

கணினிக்கு அந்நெருக்கடி இல்லை. தட்டும் வரிசை வேறாகவும் திரையில் தோன்றும் வரிசை வேறாகவும் இருக்க அது இடந்தரும். 1997-இல் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாட்டையடுத்து, 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை வகுக்கப்பெற்றது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. வகரமும் ஙகரமும் மட்டுமே இடப்புறம் ஒதுங்கின. நடுவரிசையில் அ, இ, உ, எ. நேர்மேலே அவற்றின் நெடில்கள், அதே விரல்களுக்கே. மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரம் தானே புள்ளி பெறும். ஙகரத்தின்பின் ககரம் வந்தால் 'ங்க' ஆகும். உடனிலை மெய்ம்மயக்கமும் இனவெழுத்து நட்பும் விசைக்குள் புகுந்துவிட்டன! 'மமதை' போன்ற சொல்லில் மட்டும் இடையே அகரத்தைத் தட்டிப் பொறியைத் தடுக்க வேண்டும். அது சிறு தொல்லையே.

இத்துணைச் சிறப்பிருந்தும் இவ்வட்டாரத்தில் பலர் விரும்புவது ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறும் முறையையே. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் வழி அம்முறை பரவியது. புதுப் பயிற்சி எதுவும் வேண்டாத அதன் எளிமையை இகழ்தல் நன்றியன்று. தமிழில் எழுதாமலே இருந்திருக்கக்கூடிய பலரை எழுத வைத்தது அது. ஆனால் லகரத்துக்குச் சிறிய 'எல்', ளகரத்துக்குப் பெரிய 'எல்', ழகரத்துக்கு 'இசட்' என்று தமிழ் மாணவன் எண்ணிப் பழகுதல் முறையோ? பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே தமிழுக்கு இல்லை. நாவின் நிலை கொண்டு உணரத்தக்க வேறுபாட்டை அயல்மொழி எழுத்தின் அளவு கொண்டு உணர்வது சுற்றுவழி. தொடக்கத்தில் அவ்வழியே நடந்தவனைத் தமிழ்99-க்கு அழைத்துவருதல் ஆசிரியர் கடன்.

கைப்பேசியோ இன்னும் ஒருபடி மேலே போய், சொல் முடியுமுன்னரே முழுச்சொல்லை நீட்டுகிறது. 'அதை' என்பதைத் தொட்டுப் பின் 'கண்டான்' என்பதைத் தொட்டால் தொடர் முடிந்துவிடும். இடையில் வரவேண்டிய ககர ஒற்று காணாமற்போகும். சொல்லுக்குள் புள்ளி தரும் தமிழ்99-உம் இரு சொற்களுக்கு நடுவே ஒற்றைத் தருவதில்லை. அதனை எழுதுபவனே இட வேண்டும். 'அதை கண்டான்' என்று எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர், அவ்வொற்றை எங்கே தட்டுவது என்றும் அவனுக்குக் காட்டுதல் வேண்டாவா? ககரத்தைத் தட்டியபின் தேட வேண்டியதில்லை. புள்ளி, இடக்கைச் சுட்டுவிரல் ஓய்ந்திருக்கும் விசையிலேயே உள்ளது.