இதர செலவுகள்

அம்மா எழுதிய வரவுசெலவு நோட்டுகள் பதினேழு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. நாற்பது பக்க நோட்டுகள். பால், மளிகை, கேஸ், கரண்ட் பில், பள்ளிக்கூட ஃபீஸ், பாட்டிக்கு மாத்திரை என்று ஒவ்வொரு மாதமும் வரிசை மாறாமல் வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘இதர’. அதற்கு எதிரே ஒரு தொகை இருக்கும். ஒரு மாதம் 85, இன்னொரு மாதம் 110. எதற்கு என்ற விவரம் எந்த மாதத்திலும் இல்லை.

அப்பா சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பவர். இதைச் சொல்லாத உறவினர் கிடையாது. “பொண்டாட்டி கையில அப்படியே கொடுத்துடுறார், இந்தக் காலத்துல யார் செய்வா?” என்பார்கள். மாதக் கடைசியில் அதே நோட்டை அப்பா சிவப்புப் பேனாவோடு பார்ப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத் தவறாக எடுத்திருக்க மாட்டார்கள். பணம் அம்மாவின் கையில் இருந்தது. பதில் சொல்லும் கடமையும் அம்மாவுடையதுதான். முடிவு மட்டும் வேறிடத்தில் இருந்தது.

தமிழில் வரும் சேமிப்பு ஆலோசனைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டு நினைவுக்கு வரும். இந்த ஆலோசனைகள் ‘நீங்கள்’ என்று யாரைக் கூப்பிடுகின்றன என்று பாருங்கள். காப்பீடு எடுப்பது, வீட்டுக்கடன் வாங்குவது, மியூச்சுவல் ஃபண்டில் போடுவது என்று வரும்போது அந்த ‘நீங்கள்’ சம்பாதிக்கும் ஆண். காய்கறி வீணாகாமல் சமைப்பது, தள்ளுபடியில் ஏமாறாமல் இருப்பது என்று வரும்போது அதே ‘நீங்கள்’ பெண்ணாகிவிடுகிறது. பெரிய தொகைக்கு ஒருவர், சில்லறைக்கு ஒருவர். இலக்குகளின் பட்டியலிலும் மகனுக்குப் படிப்பு என்றும் மகளுக்குத் திருமணம் என்றும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஆலோசனைகளில் அடிக்கடி வருவது 50-30-20 விதி. கைக்கு வரும் வருமானத்தில் பாதி தேவைகளுக்கு, முப்பது சதவீதம் விருப்பங்களுக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கும் கடன் அடைப்பதற்கும். இதைப் பரப்பியவர்கள் இரண்டு பெண்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. திவால் சட்டப் பேராசிரியராக இருந்து பின்னர் அமெரிக்க செனட்டரான எலிசபெத் வாரனும், அவருடைய மகள் அமெலியா வாரன் தியாகியும் 2005இல் எழுதிய ‘ஆல் யுவர் வொர்த்’ என்ற புத்தகத்தில் இந்த விதி இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2003இல், இதே தாயும் மகளும் இன்னொரு புத்தகம் எழுதினார்கள். நடுத்தரக் குடும்பங்கள் ஆடம்பரத்தால் திவாலாகின்றன என்ற நம்பிக்கையை அதில் மறுத்தார்கள். குடும்பங்களை விழுங்குவது உடையும் ஹோட்டல் சாப்பாடும் அல்ல, வீட்டுக்கடனும் மருத்துவக் காப்பீடும் பிள்ளைகளின் படிப்புச் செலவும்தான் என்பது அவர்கள் வாதம்.

நம்மிடம் வந்து சேர்ந்தது விதி மட்டும்தான், வாதம் வரவில்லை. செலவாளி என்று குடும்பத்தில் யாரோ ஒருவரைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று சொன்னவர்களின் கணக்கு, இங்கே சேலைக்கும் ஃபேஷியலுக்கும் எதிராக நிறுத்தப்படுகிறது.

அந்த விதியின் உண்மையான சிக்கல் சதவீதத்தில் இல்லை, தேவைக்கும் விருப்பத்துக்கும் நடுவில் உள்ள கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டை யார் போடுவது? எங்கள் வீட்டில் அப்பாவின் தினசரி டீயும் வெற்றிலை பாக்கும் தேவை. அவருடைய பைக் சர்வீஸ் தேவை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண மொய், கௌரவம் சம்பந்தப்பட்டது என்பதால், தேவையிலும் முதல் தேவை. அம்மா தன் தங்கையைப் பார்க்கத் திண்டுக்கல் போகும் பஸ் கட்டணம் விருப்பம். எனக்கு நாப்கின் வாங்கியது கூடச் சில காலம் விருப்பமாக இருந்தது, துணி இருக்கும்போது எதற்கு என்ற கேள்வியோடு. பிறர் மேற்பார்வையில் செலவு செய்பவளின் தேவைகள் எல்லாமே கேள்விக்குரியவை. கேள்விக்குத் தப்ப வேண்டுமானால் அவை பெயரில்லாமல் இருக்க வேண்டும். அம்மா வைத்த பெயர் ‘இதர’.

அந்தப் பெயருக்கும் அடங்காதது சிறுவாடு. “எல்லாத்துலயும் ஒரு ரூபா ரெண்டு ரூபா சேர்த்து எழுதுவேன்” என்று பின்னாளில் அம்மா சொன்னாள். கத்தரிக்காயில் ஒரு ரூபாய், கீரையில் ஐம்பது பைசா. என் கல்லூரி இரண்டாம் ஆண்டுத் தேர்வுக் கட்டணம் அப்படித்தான் வந்தது. சிறுவாட்டைப் பெண்களின் சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிப்பது நமக்குப் பழக்கம். அஞ்சறைப்பெட்டியில் பணம் எடுக்கும் பாட்டி நம் கதைகளில் செல்லமான பாத்திரம். ஆனால் ஒருத்தி தன் வீட்டுக்காக, தன் பிள்ளைக்காகச் சேர்த்த பணத்துக்கு முப்பது ஆண்டுகள் பொய்க்கணக்கு எழுத நேர்ந்தது என்று அதையே சொல்லிப்பாருங்கள். சிரிப்பு வராது.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தபோது அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அரிசி டிரம்மிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து அப்பாவின் முன் வைத்தாள். இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அவளுக்கென்று வங்கிக் கணக்கு இல்லை. வேறு வழி இல்லை. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை போட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசு சொல்லியிருந்தது. வருமான வரித் துறை கேட்காத கேள்வியை வீடு கேட்டது.

அப்பா கோபப்படவில்லை. “எங்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே” என்றார். உண்மையிலேயே மனம் நொந்துதான் சொன்னார். கேட்டிருந்தால் கொடுத்தும் இருப்பார். அவர் நல்லவரா என்பதல்ல இங்கே கேள்வி. கேட்க வேண்டியிருப்பதுதான் சிக்கல் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. பணம் அவர் கணக்கில் போடப்பட்டது. அம்மா பேரில் ஒரு ரசீது கூட இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவர் பல ஆண்டுகள் சவூதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்தார், சொத்துகள் வாங்கினார். திரும்பி வந்த கணவர் எல்லாம் தன் பணம் என்று வழக்குப் போட்டார். மனைவி செய்த வீட்டு வேலைதான் கணவரைச் சம்பாதிக்க விட்டது, ஆகவே அந்தச் சொத்தில் அவருக்குச் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். இல்லத்தரசியின் பங்களிப்பை அங்கீகரிக்கத் தனிச்சட்டம் இல்லை, ஆனால் அங்கீகரிக்கத் தடையும் இல்லை என்றும் சொன்னது. அன்றைக்கு இனிப்பு வாங்கிச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி.

இன்றும் அதை முக்கியமான தீர்ப்பாகவே நினைக்கிறேன். ஆனாலும் அதன் மொழியைக் கவனிக்க வேண்டும். அதில் மனைவி நிர்வாகி, சமையல்காரர், வீட்டு மருத்துவர், விடுமுறை இல்லாமல் நாள் முழுக்க உழைப்பவர். தன் கனவுகளைத் தியாகம் செய்தவர். இந்தத் தியாகத்தின் வழியாகத்தான் அவருக்கு உரிமை வருகிறது. அப்படியானால் தியாகம் செய்யாதவளுக்கு? கணவர் அனுப்பிய பணத்தில் மாதம் ஒரு சினிமா பார்த்தவளுக்கு, தங்கைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவளுக்கு? அவளும் அதே வீட்டு வேலையைத்தான் செய்திருப்பாள். உரிமை நற்சான்றிதழைப் பார்த்து வருமென்றால் அப்பாவின் சிவப்புப் பேனா இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. இன்னொன்றும் உண்டு. வந்த பணத்தைச் சொத்தாக மாற்றியது ஒரு முடிவு. சமையலுக்குக் கிடைத்த மதிப்பு அந்த முடிவுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தது சிறிய விஷயமல்ல. ஆனால் ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்ற கேள்விகள் வாசற்படிக்கு உள்ளே நடப்பவை. அங்கே எந்த அரசாணையும் நுழைவதில்லை. சேமிப்பு ஆலோசனையாவது அங்கே நுழையலாம். அதுவும் நுழைய மறுக்கிறது. குடும்பம் என்றால் ஒரே மனம், ஒரே பை என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்கையே தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த நல்ல ஆலோசனை அந்தப் பையைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கும். வரவு, செலவு என்ற இரண்டு பத்திகளோடு ‘யார் முடிவு செய்தது’ என்று மூன்றாவது பத்தி ஒன்று போட்டு மூன்று மாதம் எழுதிப்பார்க்கச் சொல்லும். உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கும், அதன் குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்கே வருவதும் முதல் வேலை என்று சொல்லும். வங்கி வைப்புநிதியில் நாமினியாக இருப்பது உரிமையாளராக இருப்பதாகாது, நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அதில் வாரிசுகளுக்கும் பங்கு இருக்கலாம் என்பதைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைக்கும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒரு தொகை, சிறியதானாலும் வேண்டும் என்று சொல்லும். அதைச் சிறுவாடு என்று ஒளிக்காமல் நோட்டின் முதல் வரியில் எழுதச் சொல்லும்.

அப்பா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா இப்போதும் நோட்டு எழுதுகிறாள். போன மாதம் புரட்டிப்பார்த்தேன். பால், மளிகை, கேஸ், கடைசி வரியில் ‘இதர, 140’.

“இப்ப யாருக்கும்மா மறைக்கிற?” என்றேன்.

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தாள். “பழகிடுச்சுடி” என்றாள். பிறகு, “திண்டுக்கல் போய்ட்டு வந்தேன், சித்தி வீட்டுக்கு” என்றாள். பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டு டீ போடப் போனாள். அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.