வைக்கோலைக் கூழாக்கும் முன்

காவிரிப் படுகையின் வைக்கோலிலிருந்து செல்லுலோஸ் எடுக்கலாம் என்பவர்கள் கையில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஒரு டன் நெல் விளைந்தால் ஏறக்குறைய ஒரு டன் வைக்கோலும் கிடைக்கும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ். அதிலிருந்து காகிதம் செய்யலாம், அட்டை செய்யலாம், மாத்திரையில் சேர்க்கும் நுண்தூளும் செய்யலாம். கணக்கில் பிழையில்லை. எந்த வைக்கோல், எந்தப் பருவத்து வைக்கோல் என்பதைத்தான் அது கேட்கவில்லை.

தை, மாசியில் அறுக்கும் சம்பா வைக்கோல் காய்ந்து, கட்டுவதற்குத் தோதாக இருக்கும். ஆனால் அது கேட்பாரற்றுக் கிடப்பதில்லை. மாட்டுக்குப் போர் போடுகிறார்கள், காளான் வளர்க்க வாங்குகிறார்கள், கேரளத்துக்கு லாரியில் அனுப்புகிறார்கள். புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கும் குறுவை வைக்கோலின் கதை வேறு. மழை பிடித்துக்கொள்ளும். அறுவடை இயந்திரத்தின் சங்கிலிப் பட்டை அதைச் சேற்றில் மிதித்து அழுத்திவிடும். அடுத்த போகமான தாளடியை நடும் அவசரத்தில் விவசாயி அதை ஒழித்துக்கட்டவே பார்ப்பார். ஆக, நல்ல சரக்குக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மிஞ்சும் சரக்கோ மண்ணும் ஈரமுமாக வருகிறது. ஆலைத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

பயிர்ச் சக்கையை நம்பி ஒரு பெரிய ஆலை நிற்க முடியும் என்பதற்குக் காவிரிக் கரையிலேயே சான்று உண்டு. 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக எரிபொருளோ நீராவியோ கொடுப்பது என்ற ஏற்பாடுதான் அதன் அடித்தளம். யாருடைய எரிபொருளையும் அது பறிக்கவில்லை. கரும்பு அரவைக்கு வரும்போதே சக்கையும் ஓரிடத்தில் சேர்ந்துவிடுகிறது. அரவை இல்லாத மாதங்களுக்காக அதை ஈரத்தோடே குவித்துவைக்கும் முறையும் உண்டு. குறுவை வைக்கோலையும் அப்படிச் சேமிக்க முடியுமா என்று யாராவது முனைந்து பார்க்க வேண்டும். ஆனால் வைக்கோலை வயல் வயலாகப் போய்த்தான் பொறுக்கியாக வேண்டும். இதற்கு மாற்றாக, அரிசி ஆலையில் ஓரிடத்தில் சேரும் உமியைச் சொல்வார்கள். அதில் செல்லுலோஸ் குறைவு, மணற்சத்து கூடுதல். கொதிகலனில் எரிக்கவும் அது தேவைப்படுகிறது.

உண்மையான சிக்கல் அந்த மணற்சத்தில், அதாவது சிலிக்காவில் இருக்கிறது. நெற்பயிர் நிமிர்ந்து நிற்பதற்கும் பூச்சியைத் தாங்குவதற்கும் துணைநிற்கும் சிலிக்கா, வைக்கோல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். கரும்புச் சக்கையில் அது மிகக் குறைவு. வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் கரைந்து கறுப்புத் திரவமாகப் பிரியும். செல்லுலோஸ் கூழாகத் தங்கும். பெரிய ஆலைகள் அந்தத் திரவத்தைச் சுண்டவைத்து எரித்துச் சோடாவை மீட்டுவிடும். வைக்கோல் திரவத்திலோ சிலிக்காவும் கரைந்திருக்கும். சுண்டச் சுண்ட அது கெட்டிப்பட்டுக் குழாய்களில் கண்ணாடிபோல் படிந்துவிடும். சோடாவை மீட்க முடியாத சிறு ஆலைகள் திரவத்தை ஆற்றில் விட்டன. சீனாவின் ஹுவாய் ஆற்றுப் படுகையில் இந்தக் கேடு முற்றியதால் 1996இல் சிறு காகித ஆலைகளை அரசே மூட உத்தரவிட்டது. கடைமடையில் ஏற்கெனவே உப்போடு போராடும் நாகப்பட்டினம் மண்ணில் சோடிய நீர் பாய்வதை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்ததன் நோக்கத்துக்கே அது முரண்.

ஆய்வகங்களில் நடக்கும் நானோ செல்லுலோஸ் முயற்சிகளிலும் கழிவு நீரைக் கணக்கில் எடுக்காத குறை இருக்கிறது. 64 சதவீதக் கந்தக அமிலத்தில் இழையைச் சிதைத்துப் படிகத்தின் அளவை நுணுக்கமாக அளக்கிறார்கள். அந்த அமிலத்தைக் கழுவ எவ்வளவு தண்ணீர் போனது என்பதும் முடிவுகளோடு வர வேண்டும். மேட்டூர் அணைத் திறப்பை எதிர்பார்த்திருக்கும் ஊருக்கு அதுவே முதல் கேள்வி.

மண்ணின் பங்கையும் மறக்கக் கூடாது. ஒரு டன் வைக்கோல் வயலை விட்டுப் போகும்போது 15 கிலோவுக்குக் குறையாமல் சாம்பல் சத்தும் 5 முதல் 8 கிலோ வரை தழைச்சத்தும் கூடவே போகின்றன. சாம்பல் சத்து உரத்துக்கு இந்தியா இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. வைக்கோலுக்குத் தரும் விலையில் இந்த இழப்பும் சேர வேண்டும்.

இதனால் முயற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருவையாறு பக்கத்து வாழைத்தோட்டங்களில் தார் வெட்டியபின் சாய்க்கும் மரங்களிலிருந்து இயந்திரத்தால் சுரண்டியே நார் எடுக்கலாம், சோடா தேவையில்லை. அந்த நாரில் செல்லுலோஸ் வைக்கோலைவிட அதிகம். தொடங்க அதுவே நல்ல இடம். வைக்கோலைத்தான் எடுப்பது என்றால், வெளுக்காத பழுப்புக் கூழோடு நிறுத்திக்கொண்டு அட்டையும் தட்டும் செய்யலாம். வேகவைக்கச் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எடுத்தால், மிஞ்சும் திரவம் சாம்பல் சத்தோடும் சிலிக்காவோடும் வயலுக்கே திரும்பக்கூடும். விலை கூடுதல்தான், உரச் செலவில் எவ்வளவு ஈடாகும் என்று பார்க்க வேண்டும். ஆலைக்கு இடம் தேடுவதற்கு முன்னால், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் காட்டுத்தோட்டம் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமும் அந்தத் திரவத்தைச் சில பருவங்கள் பாய்ச்சி, மண்ணின் உப்பையும் நெல்லின் விளைச்சலையும் அளந்து விவசாயிகளிடம் சொல்லட்டும்.