இரு நெருப்புகளின் நூல்: காஷானியின் மெருகுக் குறிப்புகள் குறித்து ஒரு மதிப்பீடு

இஸ்லாமியக் கலை குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் மிஹ்ராபின் எழுத்தழகையும் குவிமாடத்தின் நீலத்தையும் வியப்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த நீலம் எந்தக் கல்லில் பிறந்தது, எவ்வளவு நேரம் சூளையில் நின்றது என நாம் கேட்பதில்லை. இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் நூலொன்று ஏழு நூற்றாண்டுகளாக நம்மிடையே இருக்கிறது.

ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301) அபுல் காஸிம் காஷானி பாரசீகத்தில் எழுதிய 'அராயிஸுல் ஜவாஹிர்' என்னும் நூலே அது. மணிகள், உலோகங்கள், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைப் பேசும் அந்நூலின் முடிவுரை பீங்கான் தொழிலுக்கு உரியது. 1935இல் ஜெர்மன் மொழியிலும் 1973இல் ஆங்கிலத்திலும் அப்பகுதி வெளியானது. ஆசிரியர் காஷானின் புகழ்பெற்ற குயவர் குடும்பத்தவர். வராமீனில் 1265இல் அமைந்த பொன்னொளி மிஹ்ராபைச் செய்தவர் அவர் தந்தை அலீ இப்னு முஹம்மத். மகனோ மங்கோலிய இல்கான்களின் அவையில் வரலாற்றாசிரியரானார்.

நூலின் முதற்சிறப்பு, அது அளவு சொல்வது. பாண்டத்தின் உடலுக்கு அரைத்த படிகக்கல் 10 பங்கு, கண்ணாடிக் கலவை 1 பங்கு, வெண்களிமண் 1 பங்கு. நீலத்துக்கான கல் காஷானை அடுத்த கம்ஸர் கிராமத்து மலையில் கிடைப்பது. அதைக் கண்டெடுத்தவர் ஸுலைமான் நபி (அலை) என்பது அவ்வூரார் நம்பிக்கை என்பதையும் ஆசிரியர் பதிகிறார். முதற்சூளை 12 மணி நேரம் புகையின்றி எரிய வேண்டும். பாண்டங்கள் ஒரு வாரம் ஆறிய பின்னரே வெளியே எடுக்கப்படும். பொன்னொளி மெருகுக்கோ இரண்டாம் சூளை வேண்டும். அதில் 72 மணி நேரம் மெல்லிய புகை. பின்னர் ஈரமண்ணால் தேய்த்தால் பொன்நிறம் வெளிப்படும்.

ஒரு சூளையில் விலக்கப்பட்ட புகை, மற்றொன்றில் ஏன் வேண்டப்படுகிறது? புகை சூளையின் உயிர்வளியைக் குறைக்கிறது. அதனால் மெருகிலுள்ள வெள்ளியும் செம்பும் நுண்ணிய உலோகத் துகள்களாகப் பிரிந்து ஒளிர்கின்றன. இவ்விளக்கத்தை 1301இல் எழுதியவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆயினும் வேறொரு குறையைச் சுட்டியே ஆகவேண்டும். நூல் வென்ற கலவையை மட்டுமே சொல்கிறது. அதை அடைவதற்குள் பாழான சூளைகளைச் சொல்வதில்லை.

மெருகுக் கலையில் தோல்வியே ஆசான். செம்பை எடுத்துக்கொள்வோம். காரமிகுந்த மெருகில் அது பச்சைநீலம் தருகிறது. ஈய மெருகில் பச்சையாகிறது. ஆக, நிறம் சேர்பொருளைப் பொறுத்தது மட்டுமன்று. அது சேர்ந்த கூட்டையும் கண்ட நெருப்பையும் பொறுத்தது. இதனாலேயே இன்றைய குயவர் ஒரே மூல மெருகில் கோபால்ட்டு ஆக்ஸைடை நூற்றுக்கு 0.25, 0.5, 1 எனப் படிப்படியாகக் கூட்டி, சிறு ஓடுகளில் பூசி, எண்ணிட்டு, ஒரே சூளையில் சுடுகிறார். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுவது அவர்தம் ஒழுங்கு. கறுத்ததும் கொப்புளித்ததும் குறிப்பேட்டில் ஏறும்.

காஷானின் பொன்னொளித் தொழில் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அருகிப்போயிற்று. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், சில குடும்பங்களின் கைப்பழக்கத்தில் மட்டுமே வாழும் அறிவு அக்குடும்பங்களோடு முடங்கிவிடும் என்பது உறுதி. அவையில் அமர்ந்த மகன் எழுதிவைத்திராவிட்டால், தந்தையின் சூளையில் நடந்தவற்றுள் நமக்கு எவ்வளவு எஞ்சியிருக்கும்? எழுதியதால் அளவுகள் பிழைத்தன; எழுதாததால் சோதனைகள் மறைந்தன.

இந்நூலை முன்னோர் பெருமைக்குச் சான்றாக மட்டும் காட்டுவோர் அதற்கு நீதி செய்யவில்லை என்பதே நம் கருத்து. இது சூளையருகே வைத்துப் படிக்க வேண்டிய நூல். மிஹ்ராபின் ஆயத்தை ஓதத் தெரிந்த நம் மாணவர், அந்த எழுத்தைத் தாங்கும் நீலம் எவ்வாறு நிலைத்தது என்பதையும் சோதித்தறியும் நாளில்தான் இம்மரபை நாம் உண்மையில் பெற்றுக்கொண்டவர்களாவோம்.