மலிவாக்கினால் பொருந்திவிடுமா?

2024 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ டெசெல்ராவுக்கு அனுமதி கொடுத்தது. கைகால் மூட்டுகளை ஒட்டி, பெரும்பாலும் இளம் வயதினரைத் தாக்கும் சைனோவியல் சார்கோமாவுக்கான சிகிச்சை அது. கட்டியாக வளரும் புற்றுநோய் ஒன்றுக்கு மரபணு மாற்றிய டி செல் அனுமதி பெற்றது அதுவே முதல் முறை. அப்போது அறிவித்த விலை 7,27,000 டாலர். இதற்கு நம்மவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: “இரத்தப் புற்றுக்கான டி செல் சிகிச்சையாக ஐஐடி பம்பாயின் நெக்ஸ்கார்19 வரவில்லையா? வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குக் கொடுக்கவில்லையா? இதையும் இந்தியா மலிவாக்கிவிடும்.”

இந்தப் பதில்தான் எனக்கு உறுத்துகிறது.

டெசெல்ரா வேலை செய்கிறது, அதில் தகராறில்லை. கீமோ கேட்காமல் போன 44 பேரில் 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. 2017இல் வெளியான சார்க்028 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பெற்ற சைனோவியல் நோயாளிகள் பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டுமே பலன் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். பலன் நீடித்த இடைநிலைக் காலம் ஆறே மாதம், ஒப்பீட்டுக் குழு கிடையாது என்பதெல்லாம் உண்மைதான். இவ்வளவு அரிய நோயில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது வாசலிலேயே இருக்கிறது. நோயாளியிடம் முதலில் இரண்டு சோதனைகள். அறுத்தெடுத்த கட்டியின் மெழுகு பிளாக்கில் மேஜ்-ஏ4 புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே காட்டும் ஹெச்எல்ஏ மூலக்கூறு எந்த வகை என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். ஏ*02:01, 02:02, 02:03, 02:06 இந்த நான்கில் ஒன்று இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ பாதிப்பேர் ஏ*02 என்று தொடங்கும் ஏ2 குடும்பத்தினர், அவர்களிடம் மிகுதியும் 02:01. இந்தியர்களின் ஏ2வில் கணிசமான பங்கு 02:11. அது பட்டியலில் இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக இருப்பது ஏ*11:01, அதுவும் இல்லை. ரங்கூனின் லான்மடா பகுதியில் ஒரே மாடிப்படி ஏறும் தமிழரும் பர்மியரும் இந்தச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தால், காசு இருந்தாலும் இருவருமே திரும்பி வர நேரலாம்.

நெக்ஸ்கார்19 வாதம் இங்கேதான் சறுக்குகிறது. அந்த செல் சிடி19 என்ற புரதத்தைப் புற்றுசெல்லின் மேற்பரப்பிலேயே நேராகப் பிடிக்கிறது. நோயாளியின் ஹெச்எல்ஏ எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. மேஜ்-ஏ4 செல்லுக்குள்ளே கிடக்கும் புரதம். அதன் துணுக்கை ஹெச்எல்ஏ மூலக்கூறு வெளியே ஏந்திக் காட்டினால்தான் டெசெல்ராவின் டி செல்லுக்கு எதிரி யாரென்று தெரியும். ஏந்தும் கை மாறினால் அது அடையாளம் தெரியாமல் நின்றுவிடும். இதையே மும்பையில் அச்சு அசலாக மலிவாகச் செய்தால் கிடைப்பது நம்மில் பலருக்குப் பொருந்தாத மலிவுச் சரக்கு.

விலையைக் குறைப்பதும் பயனாளிகளை அதிகமாக்குவதும் ஒன்றே என்று நமது மருத்துவச் செய்தியாளர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். யாரை நினைத்து ஒரு மருந்து வடிவமைக்கப்பட்டது என்ற கேள்வியை அவர்கள் கேட்பதேயில்லை. டெசெல்ராவின் ஆய்வு நடந்தது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். அங்கே அதிகம் கிடைக்கும் வகையில் தொடங்கியதை வணிகம் என்று ஒப்புக்கொள்ளலாம். அறிவியலின் இயல்பான முதல் படி என்று அதற்குப் பொட்டு வைக்க வேண்டியதில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. ஜப்பானியரிடம் மிகுந்திருப்பது ஏ*24:02. மியே பல்கலைக்கழகத்தார் அதே மேஜ்-ஏ4ஐ அந்த வகையின் வழியாக அடையாளம் காணும் டி செல்லை உருவாக்கி, உணவுக்குழாய்ப் புற்று உள்ள பத்துப் பேருக்குச் செலுத்தி, 2015லேயே முடிவை வெளியிட்டார்கள். பலன் பெரிதாக இல்லை என்றாலும் தங்கள் மக்களின் வகையிலிருந்து தொடங்கினார்கள். நமக்கு அந்த வகை விவரமும் கைவசம் இருக்கிறது: சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவகம் இரத்த மூலச்செல் கொடையாளர்கள் லட்சக்கணக்கானோரின் ஹெச்எல்ஏ வகையைச் சேர்த்து வைத்திருக்கிறது. 02:11க்கும் 11:01க்கும் எந்தத் துணுக்கு பொருந்தும் என்று கண்டறியும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம். விலைப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.