உருவப்படமும் புராணப்படமும்: ரவிவர்மா குறித்த இருவேறு மதிப்பீடுகள்

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடம், திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் ஆட்சியில் 1935ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் வழிகாட்டியாக விளங்கியவர் அயர்லாந்துக் கவிஞரான ஜேம்ஸ் கசின்ஸ். வங்க ஓவியப் பள்ளியை இந்தியக் கலையின் மறுமலர்ச்சியாகப் போற்றியவர் அவர். ஆயினும், வங்கப் பள்ளியினர் எவருடைய பாணியை மறுத்துத் தம் வழியை வகுத்துக்கொண்டனரோ, அந்த ராஜா ரவிவர்மாவின் (1848-1906) ஓவியங்களே அக்கூடத்தின் தலையாய செல்வமாயின. நவீன இந்திய ஓவியம் எது என்பது பற்றிய மாறுபட்ட இரு கருத்துகள் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன. அவ்விரண்டின் வன்மை மென்மைகளை ரவிவர்மாவின் உருவப்படங்களை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுப்பும் ஏற்பும்

ரவிவர்மா மறைந்த மறு ஆண்டிலேயே அவரைப் பற்றிய கடுமையான மறுப்பு எழுந்தது. 1907இல் 'மாடர்ன் ரிவியூ' இதழில் எழுதிய சகோதரி நிவேதிதை, தாமரையிலையில் மடல் எழுதும் சகுந்தலையை அவர் தரையில் நீளக் கிடக்கும் பெண்ணாகத் தீட்டியதைக் கண்டித்தார். காவியத் தலைவிக்குரிய மாண்பு அப்படத்தில் இல்லை என்பது அவர் கருத்து. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் ரவிவர்மாவின் புராணப்படங்களில் நாடகத்தன்மை மிகுந்து, கற்பனையும் இந்திய உணர்வும் குன்றியுள்ளன என்றார்.

ஏற்பு வேறு தளத்தில் நிகழ்ந்தது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடத்தின் வழியாகத் திருமகள், கலைமகள் முதலிய படங்கள் எளியோர் இல்லங்களிலும் வழிபாட்டுக்குரியனவாயின. 1979இல் இந்திய அரசு அவர் படைப்புகளைக் கலைச் செல்வங்களாக அறிவித்தது. அவரை மறுத்த மரபின் முதல்வரான அவனீந்திரநாத தாகூரின் படைப்புகளும் அவ்வாண்டிலேயே அச்சிறப்பைப் பெற்றன. 1993இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் நடைபெற்ற ரவிவர்மா கண்காட்சி இவ்விவாதத்தைப் புதுப்பித்தது. அதனை ரூபிகா சாவ்லாவுடன் இணைந்து அமைத்த ஓவியர் ஏ. இராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்றவர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

மறுப்போரும் ஏற்போரும் ஒரு வகையில் ஒன்றுபடுகின்றனர். இருசாராரின் சான்றுகளும் பெரும்பாலும் புராணப்படங்களே. வரலாற்றாசிரியர் சிலர் ரவிவர்மாவின் உருவப்படத் தொழிலையும் ஆராய்ந்துள்ளனர். எனினும் பொதுவிவாதத்தின் மையம் சகுந்தலையையும் தமயந்தியையும் விட்டு நகரவில்லை.

உருவப்படங்களின் இடம்

ரவிவர்மா தம் காலத்தில் முதன்மையாக உருவப்பட ஓவியராகவே அறியப்பட்டவர். எண்ணெய் வண்ண நுட்பத்தை அவருக்கு மறைவாகக் கற்பித்தவர், திருவிதாங்கூர் அரசவை ஓவியராயிருந்த மதுரை இராமசாமி நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை என்று அவர் வரலாறு கூறுகிறது. 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது, கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படம். அவருடைய தம்பி இராஜராஜ வர்மாவின் நாட்குறிப்பு, சமஸ்தானங்களிலும் செல்வர் இல்லங்களிலும் சகோதரர் இருவரும் ஏற்ற உருவப்படப் பணிகளை விரிவாகக் காட்டுகிறது.

இப்படங்களின் புதுமையை உணர, முந்தைய மரபை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் இரு பல்லவ மன்னர்களின் உருவங்கள் அவர்களின் தேவியரோடு செதுக்கப்பட்டுள்ளன. பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தும் அவை எம்மன்னர்களைக் குறிப்பன என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். அங்கு ஆளை அறிவிப்பவை பெயரும் நிலையுமே. முகம் அரச இலக்கணத்தின் வடிவம். மனித உருவினும் தெய்வ உருவைச் சமைப்பதே நன்று எனும் சுக்கிரநீதியின் கருத்தை எடுத்துக்காட்டிய குமாரசுவாமி, இம்மரபின் உட்பொருளை நன்கறிந்தவர்.

ரவிவர்மா இவ்விலக்கணத்தை மாற்றினார். 'அதோ அப்பா வருகிறார்' (1893) என்னும் படத்தில் குழந்தையை ஏந்தி நிற்கும் தாய் அவருடைய மகள் மகாபிரபை. அவள் பார்வை படச்சட்டத்திற்கு அப்பால், காணப்படாத ஒருவரை நோக்குகிறது. இங்கு முகம் இலக்கண வடிவமன்று. ஒரு பெண்ணுக்கு மட்டுமே உரியது. பெயர் தெரியாத பார்வையாளரும் அவளை ஒரு தனிமனுஷியாக உணர்கிறார். பொதுமையிலிருந்து தனிமனிதருக்கு நகர்தல் நவீனத்துவத்தின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று. அவ்வகையில் ரவிவர்மா நவீனர் என்பதற்கு வலுவான சான்று உருவப்படங்களே எனலாம்.

இதற்குத் தடையும் கூறலாம். இப்படங்களுட் பல மன்னரும் செல்வரும் விரும்பிப் பணித்தவை. ஐரோப்பியக் கலைக்கழக முறையைத் தழுவியவை. நிழற்படத்தின் துணையும் பெற்றவை. இக்கூற்றுகள் உண்மையே. பதக்கங்களும் பட்டாடைகளும் முகத்தை மறைத்துவிடும் அரசவைப் படங்களும் உள்ளன. ஆயின் ஐரோப்பாவிலும் உருவப்படக்கலை பெரிதும் புரவலரைச் சார்ந்தே வளர்ந்தது. பணித்தவர் யார் என்பது படத்தின் தகுதியை முடிவு செய்வதில்லை.

நிறையே குறையாதல்

புராணப்படங்களின் குறைக்கும் இங்கேயே விளக்கம் கிடைக்கிறது. எதிரிலிருக்கும் ஒருவரின் மேனி, ஆடை, அணி, பார்வை ஆகியவற்றை வழுவாமல் தருவது ரவிவர்மாவின் தனித்திறன். உருவப்படத்தில் இத்திறன் முழுமையாகப் பயன்படுகிறது. புராணப்படத்திலோ அதே திறன் தடையாகிறது. பாதத்தில் தைத்த முள்ளை எடுப்பாள் போல் துஷ்யந்தனைத் திரும்பி நோக்கும் பெண், ஓவியருக்கு முன் நின்ற பெண்ணாகவே எஞ்சுகிறாள். காளிதாசரின் சகுந்தலையாக முழுதும் மாறுவதில்லை. நிவேதிதையும் குமாரசுவாமியும் கண்ட நாடகத்தன்மை இதுவே. அவர்கள் கண்ட குறை உண்மையானது. ஆனால் அக்குறையை ஓவியரின் ஒட்டுமொத்தத் தகுதிக்கும் அளவுகோலாக்கியது மிகை. புராணப்படங்களின் மக்கள் செல்வாக்கையே ஓவியத் தகுதியாகக் கொள்வோரின் வாதமும் இவ்வாறே வழுவுகிறது.

முடிவுரை

2023இல் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ரவிவர்மாவுக்கெனத் தனி ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. அவருடைய படங்களைப் பேணிக் காப்பதற்கு இது இன்றியமையாத ஏற்பாடாகும். எனினும் தனிக்கூடம் பார்வையாளரை வணக்கத்திற்கு எளிதில் பழக்கிவிடும். கசின்ஸ் தம் சார்பையும் கடந்து, எதிரெதிர் மரபுகளை ஒரே கூடத்தில் வைத்தார். தீர்ப்பு பார்ப்பவரிடம் விடப்பட்டது. உருவப்படமும் புராணப்படமும் அருகருகே அமைய, அவற்றை மறுத்தவர்களின் படைப்புகளும் எதிர்ச்சுவரில் இடம்பெற்றால்தான் நூறாண்டுக்கு மேலாகத் தொடரும் இவ்விவாதத்தைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே எடைபோட இயலும்.