ஆலைக்குள் ஓடும் எல்லைக்கோடு

பன்னாட்டு வணிகம் படிக்கிற மாணவர் எவரும் ஹெர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சுப் பேராசிரியரைத் தாண்டிப் போக முடியாது. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் பல நாடுகளில் நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து, 1980இல் அவர் நூலாக்கினார். மேலதிகாரிக்கும் கீழுள்ளவருக்கும் இடையிலான தூரத்தை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு அதில் ஓர் அளவுகோல் உண்டு. அதன்படி இந்தியாவுக்கு 77, ஸ்வீடனுக்கு 31. ஸ்வீடன்காரர் இந்தியாவில் தொழில் செய்ய வந்தால், இங்கே யாரும் மேலதிகாரியை எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த எண்கள் தரும் பாடம்.

பாடம் முழுப் பொய் அல்ல. ஆனால் அந்த 77 யாருடையது? பெருநகர ஐபிஎம் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் சொன்ன விடைகளிலிருந்து வந்த எண், நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மில் வேனில் ஏறிப்போகும் பெண்ணுக்கும் சேர்த்துச் சூட்டப்படுகிறது. அவளுக்கும் அவளுடைய லைன் சூப்பர்வைசருக்கும் மொழி ஒன்று, மாவட்டம் ஒன்று, கும்பிடுகிற மாரியம்மன்கூட ஒன்றாக இருக்கலாம். ஆனால் சாதி வேறு, பால் வேறு, கையில் இருக்கும் அதிகாரம் வேறு. பண்பாட்டு எல்லைக்கோட்டை நாட்டின் விளிம்பில் வரைந்துவிட்டவர்களுக்கு ஆலைக்குள் ஓடும் இந்தக் கோடு தெரிவதில்லை. பன்னாட்டு ஆடை வணிகத்தில் செய்தி தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் திண்டுக்கல் மாவட்டமே போதும்.

வெளிநாட்டு பிராண்டுகள் இங்குள்ள தொழிலாளியோடு பேசுவதற்கு வைத்திருக்கும் முதன்மையான கருவி நடத்தை விதித் தொகுப்பு. 1991இல் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் தன் சப்ளையர்களுக்கு விதிகளை வகுத்தது. பிறகு ஏறக்குறைய எல்லாப் பெரிய பிராண்டுகளும் அதைப் பின்பற்றின. குழந்தைத் தொழிலாளர் கூடாது, அவசர வழியைப் பூட்டக் கூடாது, கூடுதல் நேர வேலைக்குக் கூலி தர வேண்டும், பாகுபாடு காட்டக் கூடாது என்று போகும் பட்டியல் தமிழில் அச்சாகி ஆலைச் சுவரில் தொங்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை ஆடிட் நடக்கும். இந்த முறையால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. கண்ணால் பார்க்கக்கூடியதை அது மாற்றியிருக்கிறது. தீயணைப்பான், கழிப்பறை, குடிநீர், வயதுச் சான்று, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவேடு ஆகியவற்றில் ஏற்றுமதி ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் பல பட்டறைகளைவிட முன்னே நிற்பதற்கு, பையர் கேட்பார் என்ற பயம் ஒரு முக்கியக் காரணம்.

கண்ணால் பார்க்க முடியாததில்தான் அது தோற்கிறது. சில வேளைகளில், பார்க்கக் கூடியதிலும் தோற்றிருக்கிறது. 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் தீப்பிடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்ஏ 8000 என்ற பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்றிருந்தது. கம்பி போட்ட சன்னலையே காண முடியாத தணிக்கை, ஒரு பெண்ணின் காதருகே சொல்லப்படும் சொல்லை எப்படிப் பிடிக்கும்?

ஆடிட்டர் தனியறையில் உட்கார்த்திக் கேட்கிறார்: “இங்கே ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?” அந்தப் பெண் சொல்கிறாள்: “ஒண்ணும் இல்ல சார், எல்லாம் நல்லாத்தான் இருக்கு.” பாடநூல் இதை அதிகாரத்துக்குப் பணியும் பண்பாடு என்று படிக்கும். எனக்கு அது ஒரு கணக்காகத் தெரிகிறது. ஆடிட்டர் மாலையில் ஊருக்குப் போய்விடுவார். சூப்பர்வைசர் நாளைக்கும் இருப்பார். லீவு தருவதும், மெஷின் மாற்றி உட்கார வைப்பதும், டார்கெட் ஏற்றுவதும் அவர் கையில். புகார் கொடுத்த சேதி அதே வேனில் ஏறி ஊருக்குப் போகும். ஊருக்குப் போனால் வீட்டில் வேலையை நிறுத்துவார்கள். தப்பு செய்தவன் பெயர் அடிபடுவதற்கு முன்னால் அவள் பெயர் அடிபடும். அவள் தலித் பெண்ணாகவும் அவன் ஆதிக்கச் சாதிக்காரனாகவும் இருந்தால் பேச்சின் விலை இன்னும் ஏறும். சுவரில் எழுதியிருக்கும் புகார் தொலைபேசி எண் இந்த விலையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த விதித் தொகுப்பு யாரை நோக்கி எழுதப்பட்டது? மொழி தமிழாக இருந்தாலும், அதை வாசிப்பார் என்று எதிர்பார்க்கப்படுபவர் ஐரோப்பிய, அமெரிக்க வாடிக்கையாளர். தான் வாங்கும் உடையில் யாருடைய கண்ணீரும் இல்லை என்று அவர் நம்ப வேண்டும்; அந்த நம்பிக்கை விற்பனைக்கு வேண்டும். விளம்பரமாகப் பிறந்த ஓர் ஆவணத்திடம் உரையாடலை எதிர்பார்த்தது முதல் பிழை.

2021 ஜனவரியில் அதற்கான விலை தெரிந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் இயங்கிய நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடந்தார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். ஆலை திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அங்கே தைத்தவை எச் அண்ட் எம் போன்ற பெரிய பிராண்டுகளுக்குப் போயின. பிராண்டுகளிடம் விதிகளும் இருந்தன, ஆடிட்டும் இருந்தது. அங்கே பாலியல் தொல்லை வாடிக்கையாக நடந்தது என்று அதன் பிறகுதான் பெண்கள் வெளியே சொன்னார்கள்.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் உடன்படிக்கை இதற்கான பதில். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகிய அமைப்புகள் ஈஸ்ட்மேன், எச் அண்ட் எம் நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் பின்னர் இணைந்தன. ஆலையோடு குழுமத்தின் நூற்பாலைகளும் அதன் வரம்புக்குள் வந்தன. விதியைத் தொங்கவிடுவதற்குப் பதிலாக, அது லைனுக்குள் ஆளை நிறுத்தியது. ஏறத்தாழ இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், அவர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தொழிற்சங்கம் தேர்ந்து பயிற்சி கொடுத்தது. கம்பெனி பஸ்ஸிலும் விடுதியிலும் நடப்பதும் கணக்கில் வந்தது. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் ஒப்பந்தம் பெயர் சொல்லியே குறித்தது. ஒப்பந்தத்தை மீறினால், பிராண்டுகள் ஆர்டரில் கைவைக்கக் கடமைப்பட்டிருந்தன.

முதலாண்டு அறிக்கையில் 185 குறைகள் பதிவாகியிருந்தன. ஏறக்குறைய அத்தனையும் தீர்க்கப்பட்டன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். அவற்றில் பாலியல் தொல்லை சார்ந்தவை ஒரு பகுதிதான். மற்றவை வேலையிடத்தின் அன்றாடக் குறைகள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். சின்னக் குறையைச் சொல்லிப் பார்த்து, அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெரிய குறையைச் சொல்ல வாய் வரும். மேலதிகாரியை எதிர்த்துப் பேசாதவர்கள் என்று அளந்து வைத்த அதே சமூகத்துப் பெண்கள், பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும் என்று ஆனதும் பேசினார்கள். அவர்களுடைய பண்பாடு ஓராண்டில் மாறிவிடவில்லை. பேச்சின் விலை குறைந்தது.

இத்தனை சொன்ன பிறகும் உடன்படிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

அதன் பலம் வெளிநாட்டு ஆர்டரில் இருக்கிறது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு நடப்பதாகச் சொல்லி நாச்சி ஆலைச் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க உத்தரவிட்டது. நிலைமையைச் சீர்செய்ய ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. செய்யப்பட்டிருந்த மாற்றங்களை எடுத்துச் சொன்ன பிறகு, செப்டம்பர் 7இல் தடை தளர்ந்தது. நல்ல நோக்கத்தோடு வாஷிங்டனிலிருந்து அனுப்பிய தண்டனை, திருந்திக்கொண்டிருந்த ஆலையின் பெண்கள் கூலியில் வந்து விழப் பார்த்தது. ஆர்டர் குறைந்தால் கண்காணிப்பாளர் யாரைக் கண்காணிப்பார்?

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஆர்டர் எப்படிப் பேசப்படுகிறது என்பதை ஒப்பந்தம் அவ்வளவாகத் தொடவில்லை. பையர் அலுவலகத்திலிருந்து மெர்ச்சண்டைசருக்கு வரும் மின்னஞ்சல் மிக நயமாக இருக்கும்: ஷிப்மென்ட் தேதியைச் சற்று முன்தள்ள இயலுமா, விலையை மறுபரிசீலிக்க இயலுமா. மெர்ச்சண்டைசர் அதை அவசரமாக்குகிறார். புரொடக்‌ஷன் மேனேஜர் அதை எண்ணிக்கையாக்குகிறார். லைனில் நிற்கும் சூப்பர்வைசரின் வாயில் அது வசவாகிறது. வசவை மட்டும் பதிவு செய்து விசாரிக்கிறோம். அது புறப்பட்ட இடம் விசாரணைக்கு வருவதில்லை. பன்னாட்டு வணிகத் தொடர்பைப் பற்றிய நூல்களில் பார்வையாளரை வணங்குவது எப்படி, அட்டையை இரு கையால் நீட்டுவது எப்படி என்றெல்லாம் அத்தியாயங்கள் உண்டு. ஒரு நயமான வாக்கியம் படிப்படியாக இறங்கி வசவாகும் வழியைச் சொல்லும் அத்தியாயத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அதுதான் முதலில் எழுதப்பட வேண்டும்.

வெளிநாட்டார் நம் தொழிலில் தலையிட்டு அவர்கள் பண்பாட்டைத் திணிக்கிறார்கள் என்று உற்பத்தியாளர் தரப்பில் ஒரு முறையீடு உண்டு. விதித் தொகுப்புகளைப் பற்றிச் சொன்னால் அதில் பாதி நியாயம் இருக்கிறது; விலையை இறுக்கிக்கொண்டே ஒழுக்கமும் போதிப்பது நியாயமில்லை. உடன்படிக்கையின் மேல் அதே குற்றத்தைச் சுமத்த முடியாது. அதில் இருக்கும் கோரிக்கைகள் இந்த மாவட்டத்துப் பெண்கள் வாயிலிருந்து வந்தவை. அயல்நாட்டார் தந்தது ஆர்டரின் அழுத்தம் மட்டும்.

அந்த அழுத்தம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பது எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் நத்தம் அப்படிப்பட்ட இடம். மாம்பழத்துக்கும் புளிக்கும் அடுத்தபடி எங்கள் ஊர்ப் பெயர் வெளியே தெரிவது ரெடிமேட் சட்டையால்தான். தெருவுக்குத் தெரு தையல் மெஷின் ஓடும். கட்டிங் ஓர் இடத்தில், தையல் வேறு வீட்டில், காஜா பட்டன் இன்னொரு வீட்டில் என்று பீஸ் ரேட்டில் வேலை பிரிந்து போகும். சட்டை தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் கேரளம், ஆந்திரம் போன்ற பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறது. வணிகம் முகம் பார்த்து, வாய்ப் பேச்சில், கடன் சொல்லி நடக்கிறது. பாடநூல் புகழும் உறவு சார்ந்த வணிகம் இதுதான். தீபாவளி நெருக்கடியில் இதன் வேகத்தையும் நெகிழ்வையும் எந்த ஏற்றுமதி ஆலையாலும் எட்ட முடியாது. ஆனால் பீஸ் ரேட் குறைவு என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றினாலோ, முதலாளி கையைப் பிடித்தாலோ, அவள் எட்டிப் பிடிக்க எச் அண்ட் எம் இருக்கும் ஸ்டாக்ஹோமில் யாரும் இல்லை. அந்தச் சட்டையின் காலர் லேபிளில் எந்தப் பன்னாட்டு பிராண்டும் இல்லை.

சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களின் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்க வேண்டும். அந்தக் குழு செயல்படுவது மாவட்டத் தலைநகரில். நத்தத்துத் தையல்காரப் பெண் ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறி, முன்பின் தெரியாத அலுவலகத்தில் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. ஆடிட்டரின் தனியறையில் நடந்த பிழை இங்கேயும் நடக்கிறது, இந்த முறை நம்முடைய அரசின் கையால்.

நாச்சி ஆலையில் பலன் தந்தது அருகில் இருந்த, பயிற்சி பெற்ற, யாராலும் பழிவாங்கப்பட முடியாத ஒரு பெண். தெருத் தெருவாக மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இயங்கும் ஊரில் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அவர்கள் பெறும் புகாரை உள்ளூர்க் குழு நேரடியாக எடுத்துக்கொள்ளவும், விசாரணைக்குக் குழுவே நத்தத்துக்கு வரவும் மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்யலாம். கேரளத்து மொத்த வியாபாரியும் மதுரைக் கடைக்காரரும் ஆர்டர் கொடுக்கும்போது சட்டைக்கு இவ்வளவு என்று பேசுவதோடு, அதில் தையல் கூலி எவ்வளவு என்பதையும் தாளில் எழுதிக் கேட்கலாம். இதற்கு எந்த வெளிநாட்டு பிராண்டின் கையெழுத்தும் தேவையில்லை.