வரைபடம் விட்டுவிட்ட கொள்ளிடம்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற இந்திய இயற்கையமைப்பு வரைபடத்தைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு நீலக்கோடு ஆரம்பித்து, தென்னிந்தியாவைக் குறுக்கே கடந்து வங்கக்கடலில் முடியும். பக்கத்தில் 'காவிரி' என்று ஒரு பெயர். அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை இந்தக் கோடு நன்றாகவே சொல்கிறது. தலைக்காவிரிக்கு அரபிக்கடல்தான் பக்கம். ஆனாலும் ஆறு கிழக்கே திரும்பி சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. தக்காணப் பீடபூமி மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்திருப்பதுதான் காரணம். மலையின் நிறத்தையும் கோட்டையும் சேர்த்துப் பார்த்தாலே இது புரிந்துவிடும். பாராட்டலாம்.

என் புகார் முக்கொம்பில் ஆரம்பிக்கிறது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. சின்ன வரைபடத்தில் எல்லாத்தையும் போட முடியாதுதான். படத்தைச் சுருக்கினால் ஏதாவது போகும்னு மென்பொருள் எழுதுகிற எனக்கும் தெரியும். ஆனால் எதை விடுகிறோம்? இங்கே பெயரை வைத்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிட்டார்கள். வெள்ளக் காலத்தில் பெரும்பங்கு போவது கொள்ளிடத்தில்தான். அதுதான் அகலம், அதன் படுகைதான் தாழ்வு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்து, தஞ்சாவூர்ப் பாசனம் தவித்தது. அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டனின் மேலணை வேலை தொடங்கியது. முக்கொம்புக்குக் கீழே நாம் காவிரி என்று கைகாட்டுவது இயற்கை பாதி, மதகு பாதி.

கங்கைக்கும் இதே கதைதான். பெயரும் புனிதமும் பாகீரதி–ஹூக்ளி பக்கம் நிற்க, தண்ணீரில் பெரும்பகுதி பத்மாவாக வங்கதேசத்துக்குப் போகிறது. ஹூக்ளிக்குத் தண்ணீரைத் திருப்ப 1975-ல் பராக்கா தடுப்பணை வந்தது. அங்கே மட்டும் வரைபடங்கள் இரண்டு கிளையையும் காட்டுகின்றன.

கோடுதானே, போகட்டும் என்று விட முடியவில்லை. ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கிற கொள்ளிடத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளை, அதை 'சும்மா கிடக்கிற இடம்'னுதான் நினைக்கும். 2018 ஆகஸ்டில் என்ன ஆச்சு? மேட்டூர் நிரம்பி வந்த வெள்ளத்தில் திருச்சியின் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாளில், 22-ஆம் தேதி இரவு, மேலணையின் 9 மதகுகள் உடைந்தன. வரைபடத்தில் இல்லாத ஆறுதான் அந்த வெள்ளத்தைச் சுமந்தது.

பெயரும் கோடும் இல்லாவிட்டால் ஆற்றுக்கு மதிப்பு போய்விடுகிறது. எங்கள் அரியமங்கலம் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்காலைச் சாக்கடை என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் காவிரியில் பிரிந்து வருகிற சோழர் கால வாய்க்கால்தான்.

பெரிசா ஒன்றும் கேட்கவில்லை. திருச்சியில் கோட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பூம்புகாரிலும் மற்றதைப் பழையாறு அருகிலும் முடியுங்கள். கொள்ளிடத்தைக் கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள்.